ராணியாகப் பிறப்பதா, ராணியாக ஆக்கப்படுவதா? தேனீ, எறும்பு, குளவிக் கூட்டங்களின் மரபணு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் நான்கு தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சட்டத்தைத் தூக்கி ராணியைக் காட்டினால் போதும், கேள்விகள் வரிசையாக வரும். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொல்ல முடியாது, புழுக்கள் காய்ந்துவிடும். அதனால் அந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஆற அமர இங்கே எழுதுகிறேன். தேனீயில் தொடங்கினாலும் எறும்பையும் குளவியையும் விட்டுவிட முடியாது. இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்ததில் பாதி அவற்றிடமிருந்து வந்ததுதான்.

ராணித் தேனீயின் மரபணு வேறு, வேலைக்காரத் தேனீயின் மரபணு வேறா?

இல்லை. ஒரே ராணி இட்ட, கருவுற்ற எந்த முட்டையை எடுத்தாலும் அது ராணியாகவும் ஆகலாம், வேலைக்காரத் தேனீயாகவும் ஆகலாம். புழு பொரித்து மூன்று நாள் ஆகும்வரை இரண்டு வழியும் திறந்தே இருக்கும். ராணி வளர்ப்பவர்கள் செய்வதும் இதைத்தான். சாதாரண அறையிலிருந்து ஒரு நாள் வயதுப் புழுவை மெல்லிய கரண்டியால் அள்ளி, மெழுகுக் கிண்ணத்தில் வைத்து, ராணியில்லாத கூட்டத்துக்குள் இறக்கிவிடுவார்கள். அங்கேயே இருந்திருந்தால் வேலைக்காரத் தேனீயாகியிருக்கும் புழு, இங்கே ராணியாக வெளியே வரும்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். இத்தாலியத் தேனீயில் ராணி 16 நாளில் முழு வளர்ச்சி பெற்று வெளியே வரும், வேலைக்காரத் தேனீக்கு 21 நாள் ஆகும். ராணியின் சினைப்பையில் ஒரு பக்கத்துக்கு 150க்கு மேல் முட்டைக் குழல்கள் இருக்கும், வேலைக்காரத் தேனீக்கு 2 முதல் 12 வரைதான். ராணி ஆண்டுக்கணக்கில் வாழும். தேன் பருவத்தில் பிறந்த வேலைக்காரத் தேனீக்கு ஆறு வாரம். இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ.

அப்படியென்றால் ராயல் ஜெல்லிதான் ராணியை உண்டாக்குகிறதா?

பாதி சரி. இளந்தேனீக்கள் தலையில் உள்ள சுரப்பியிலிருந்து சுரக்கும் கூழ் (ராயல் ஜெல்லி என்பது இதுதான்) முதல் மூன்று நாள் எல்லாப் புழுக்களுக்கும் கிடைக்கிறது. அதன்பின் வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. ராணிப் புழு மட்டும் கடைசிவரை கூழிலேயே மிதக்கும், அளவும் மிக அதிகம்.

அந்தக் கூழில் எந்தப் பொருள் ராணியாக்குகிறது என்ற தேடல் நீண்ட கதை. 2011-இல் ஜப்பானைச் சேர்ந்த மசாகி கமாகுரா, 'ராயலாக்டின்' என்ற ஒரு புரதம்தான் காரணம் என்று அறிவித்தார். உலகமே கொண்டாடியது. 2016-இல் ஜெர்மனியில் அன்யா பட்ஸ்டெட் குழுவினர் அந்தப் புரதம் இல்லாமலும் ராணி உருவாகிறது என்று காட்டினார்கள். அதே குழு 2018-இல் கண்டுபிடித்தது எனக்கு இன்னும் பிடித்தது. ராணி அறை வாய் கீழே பார்க்கத் தொங்கும் என்பது பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் கொழுத்த புழு ஏன் கீழே விழுவதில்லை? அந்தப் புரதம் கூழின் அமிலத்தன்மையில் நார் நாராகக் கோத்துக்கொண்டு, கூழைப் பசைபோல ஆக்கிப் புழுவைக் கூரையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. ராணியாக்கும் மந்திரம் என்று நினைத்த பொருள், ராணியைக் கீழே விழாமல் தாங்கும் பசையாகவும் இருந்திருக்கிறது.

இன்னொரு கோணமும் உண்டு. 2015-இல் அமெரிக்காவில் மே பெரன்பாம் குழுவினர், ராணிக்குக் கிடைப்பதைவிட ராணிக்குக் கிடைக்காததைப் பார்த்தார்கள். மகரந்தத்தில் உள்ள பாரா-கூமரிக் அமிலத்தைப் புழுக்களின் உணவில் கலந்து கொடுத்தபோது சினைப்பை வளர்ச்சி குறைந்தது. ஆக, மகரந்தம் தின்னாமல் இருப்பதும் ராணியாவதில் ஒரு பங்கு. ஒரே ஒரு பொருள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. உணவின் அளவு, அதிலுள்ள சர்க்கரை, மகரந்தம் இல்லாமை எல்லாம் சேர்ந்துதான் ராணி.

டிஎன்ஏ மாறாமல் உணவு எப்படி உடம்பையே மாற்றும்?

எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. எது எப்போது வேலை செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். அதிக உணவு கிடைத்த புழுவின் உடம்பில் இளமை ஹார்மோன் கூடுகிறது. வேலைக்காரப் புழுவுக்கும் ஆரம்பத்தில் ஏறக்குறைய ராணி அளவுக்கே முட்டைக் குழல்களின் அரும்புகள் இருக்கின்றன. வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே செத்துக் கரைந்துபோகின்றன. ராணிப் புழுவில் இளமை ஹார்மோன் அந்தச் சாவைத் தடுக்கிறது. வேலைக்காரத் தேனீ குறையோடு பிறக்கவில்லை. முழுதாகத் தொடங்கி, வளரும் வழியில் சினைப்பையை இழக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

2008-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ரிஷார்ட் மலெஸ்கா குழுவினர் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளை ஒட்டும் டிஎன்எம்டி3 என்ற மரபணுவைப் புழுக்களில் அடக்கினார்கள். ராணி அறையில் வளர்க்காமலே, அந்தப் புழுக்களில் 72 சதவீதம் முழுச் சினைப்பையோடு ராணிகளாக வெளிவந்தன. உணவு ஒரு பக்கம், மரபணுவின் மேல் ஒட்டும் குறி மறுபக்கம், இரண்டுக்கும் இடையே பாலம் கிடைத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். பாலிஸ்டஸ் என்ற காகிதக் குளவிகளிடம் இந்த டிஎன்எம்டி3 மரபணுவே இல்லை. ஆனாலும் அங்கே ராணியும் உண்டு, வேலைக்காரிகளும் உண்டு. தேனீக்கு இது ஒரு வழி, எல்லாப் பூச்சிகளுக்கும் இதுவே சாவி என்று சொல்ல முடியாது.

ஆண் தேனீக்கு அப்பா கிடையாது என்கிறார்களே?

உண்மைதான். கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்ற முட்டை பெண்ணாகும். பெண்ணுக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16. போலந்தைச் சேர்ந்த பாதிரியார் யான் ஜியெர்சோன் 1845-இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஆண் தேனீக்கு அப்பா இல்லை, ஆனால் அம்மா வழித் தாத்தா உண்டு. குழந்தைகளுக்கு இதைச் சொன்னால் உடனே வம்ச மரம் வரைய ஆரம்பித்துவிடுவார்கள்.

தான் முட்டையிடாமல் அடுத்தவர் பிள்ளையை வளர்க்கும் குணம் எப்படித் தலைமுறை தாண்டும்? வாரிசு இல்லாத தேனீ தன் குணத்தை யாருக்குக் கொடுக்கும்?

டார்வினையே 1859-இல் தடுமாற வைத்த கேள்வி இது. குடும்பம் முழுவதையும் ஓர் உயிர்போலக் கருதித் தேர்வு நடக்கிறது என்று அவர் ஒரு பதிலைத் தொட்டார். கணக்கோடு பதில் சொன்னவர் வில்லியம் ஹாமில்டன், 1964-இல். உன் மரபணு உன் பிள்ளை வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, உன் ரத்த உறவு வழியாகவும் போகும். உறவின் நெருக்கத்தால் பெருக்கிய லாபம், உனக்கு ஆகும் நஷ்டத்தைவிட அதிகமாக இருந்தால் போதும்.

ஆணுக்கு ஒரே தொகுதிக் குரோமோசோம் என்பதால், ஒரே அப்பாவின் மகள்கள் நான்கில் மூன்று பங்கு ஒத்திருப்பார்கள். சொந்த மகளோடு இருக்கும் உறவு பாதிதான். அதனால் மகளைவிடத் தங்கை நெருக்கம். அழகான கணக்கு. ஆனால் தேனீ ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறது. அப்பா வேறானால் தங்கையோடு உறவு நான்கில் ஒன்றுக்கு இறங்கிவிடும். கரையானுக்கோ ஆணும் பெண்ணும் நம்மைப்போல இரட்டைத் தொகுதி, அங்கேயும் ராணி இருக்கிறது. அதனால் முக்கால் பங்கு என்பது மட்டும் விடையாகாது. 2008-இல் வில்லியம் ஹியூஸ் குழுவினர் பூச்சிகளின் வம்சாவளியை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கூட்டு வாழ்க்கை தொடங்கிய இடங்களிலெல்லாம் முன்னோர் ஒரே துணையோடு வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரே துணையென்றால் தங்கையும் மகளும் குறைந்தபட்சம் சமம். அந்தச் சமநிலையிலிருந்துதான் கூட்டு வாழ்க்கை புறப்பட்டிருக்க வேண்டும்.

ராணி இருக்கும்போது வேலைக்காரத் தேனீ முட்டையே இடாதா?

இடும், மிக அபூர்வமாக. அவை ஆணோடு சேர்வதில்லை என்பதால் அந்த முட்டை ஆணாகத்தான் பொரிக்கும். ஆனால் மற்ற வேலைக்காரத் தேனீக்கள் அதைக் கண்டுபிடித்துத் தின்றுவிடும். 1989-இல் பிரான்சிஸ் ராட்னிக்ஸ், கிர்க் விஷர் இருவரும் இதைச் சோதனையில் காட்டினார்கள். ராணி இட்ட ஆண் முட்டையையும் வேலைக்காரத் தேனீ இட்ட ஆண் முட்டையையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைத்தால், இரண்டாவது வகை மளமளவென்று காணாமல் போனது. இயல்பான கூட்டத்தில் ஆயிரம் ஆண் தேனீக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் வேலைக்காரத் தேனீயின் மகன்.

ஏன் தின்ன வேண்டும்? இங்கேயும் உறவுக் கணக்குதான். ராணியின் மகன் எனக்குத் தம்பி, உறவு நான்கில் ஒன்று. வேறு அப்பாவுக்குப் பிறந்த அக்காவின் மகன் என்றால் எட்டில் ஒன்று. ராணிக்குப் பல துணை என்பதால் சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட அக்காக்கள்தான். தம்பியை வளர்ப்பது லாபம்.

இந்த ஒழுங்கை மீறிய ஒரு கூட்டத்தை 1994-இல் பெஞ்சமின் ஓல்ட்ராய்டு குழுவினர் ஆஸ்திரேலியாவில் விவரித்தார்கள். ராணி ஏற முடியாத தடுப்புக்கு மேலே, தேன் அறையில், ஆண் புழுக்கள் நிறைந்திருந்தன. மரபணுவைச் சோதித்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே அப்பாவின் மகள்கள் பெற்றவை. அடங்காத குணம் ஒரு தந்தை வழியாக வந்திருக்கிறது. பிறகு தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்து அந்தக் குணத்தைத் தலைமுறைகளாகத் தக்கவைக்கவும் முடிந்தது. முட்டையிடாமல் இருப்பதற்குப் பின்னாலும் மரபணு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ராணி செத்துப்போனால் என்ன ஆகும்?

இளம்புழு இருந்தால் அவசரமாக ராணி அறை கட்டும். இல்லையென்றால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிடும். ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து வரும் ஃபெரோமோன் என்ற வேதிச் சமிக்ஞையும் புழுக்களின் வாசனையும் அதுவரை அவற்றின் சினைப்பையை அடக்கி வைத்திருந்தன. இந்தியத் தேனீயில் இந்த மாற்றம் இத்தாலியத் தேனீயைவிட வேகமாக வரும்.

ஒரு மழைக்காலத்தில் நான் இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிட்டேன். திறந்தபோது முதலில் காதில் பட்டது சத்தம், வழக்கமான முனகல் இல்லை, ஒருவித அலறல். சட்டத்தை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். ஓர் அறையில் மூன்று முட்டை, பக்கத்து அறையில் ஐந்து. ராணி முட்டையிட்டால் அறையின் அடியில் நட்டநடுவே ஒன்றே ஒன்றுதான் நிற்கும். இவை சுவரில் ஒட்டியிருந்தன, வேலைக்காரத் தேனீயின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. சில இடங்களில் சின்ன அறைகளுக்கு மேல் கூம்பு மூடி எழும்பியிருந்தது, மூடியின் உச்சியில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை. அது இந்தியத் தேனீயின் ஆண் அறைக்கே உரிய அடையாளம். அந்தக் கூட்டத்தில் இனி பெண் பிறக்கப்போவதில்லை. அடுத்த மாலையே, இரண்டு கூட்டமும் மெல்லப் பழகும்படி நடுவே செய்தித்தாள் வைத்து, இன்னொரு பெட்டியோடு சேர்த்தேன். இன்னும் ஒரு வாரம் முன்னால் திறந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் போகவில்லை.

ஆணோடு சேராமலே மகளைப் பெறும் தேனீ உண்டாமே?

உண்டு, தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ. அதன் வேலைக்காரத் தேனீ இடும் கருவுறாத முட்டை பெண்ணாகப் பொரிக்கும், அதாவது ஏறக்குறைய தன் நகல். 1990-இல் தேனீ வளர்ப்பவர்கள் கேப் கூட்டங்களை வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே ஒரே ஒரு வேலைக்காரத் தேனீயின் சந்ததி வேறு கிளையினத் தேனீக்களின் பெட்டிகளுக்குள் நுழைந்து, தங்கள் நகல்களை அவற்றைக் கொண்டே வளர்க்க வைத்தது. அந்த ஒட்டுண்ணி வம்சம் எண்ணற்ற பெட்டிகளை அழித்தது. 2020-இல் சிட்னி குழு, கருவுறாமல் பெண் பிறக்கும் இந்தக் குணத்தை 11-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவோடு இணைத்துக் காட்டியது.

வளர்ந்து முடிந்த பிறகு வேலைக்காரி ராணியாக முடியுமா?

தேனீயில் முடியாது. எறும்பில் முடியும். தென்னிந்தியாவில் வாழும் தாவும் எறும்பு, அறிவியல் பெயர் ஹார்பெக்நேதஸ் சால்டேட்டர், நீண்ட தாடையும் பெரிய கண்ணும் உடையது. ராணி செத்ததும் வேலைக்காரிகள் எதிரெதிரே நின்று உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். இந்தப் போட்டி வாரக்கணக்கில் நீளலாம். வென்ற சில, ராணியின் வேலையை எடுத்துக்கொள்ளும். அவற்றின் சினைப்பை பெருக்கிறது, மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது, ஏழு மாத ஆயுள் நான்கு ஆண்டாகிறது. மரபணு வரிசையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 2021-இல் கிளின்ட் பெனிக் குழுவினர் அப்படிப்பட்டவற்றைத் தனியே பிரித்துவைத்தபோது அவை மறுபடி வேலைக்காரிகளாயின, சுருங்கிய மூளையும் பழைய அளவுக்கு வளர்ந்தது.

முட்டையிடும் உயிருக்கு ஆயுள் குறையும் என்பது பொது விதி. முட்டை உற்பத்திக்கு இன்சுலின் வேண்டும், இன்சுலின் கூடினால் முதுமை சீக்கிரம் வரும். இந்த எறும்பு இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது? 2022-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் கண்டது இது: சினைப்பையே ஒரு புரதத்தை வெளியிட்டு, இன்சுலின் சமிக்ஞையின் முதுமை தரும் கிளையை மட்டும் அடைக்கிறது. முட்டை தரும் கிளை திறந்தே இருக்கிறது.

ராணியும் வேலைக்காரியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கூட்டம் உண்டா?

நம் வீட்டுச் சன்னலில் கூடு கட்டும் சில குளவிகள் அப்படித்தான். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். அங்கே ராணி சாதுவானது, யாரையும் அதட்டாது. ராணியை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி மட்டும் சீறத் தொடங்கும், மற்றவை பணியும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதுவே ராணி. அடுத்தது யார் என்று நமக்கு முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் குளவிகளுக்குத் தெரியும் என்பதைக் கூட்டைக் கம்பி வலையால் இரண்டாகப் பிரித்து, ராணியைப் பக்கம் மாற்றி மாற்றி வைத்து அவர்கள் நிரூபித்தார்கள். உண்மையான வாரிசு எந்தப் பக்கம் இருந்தாலும், போட்டிக்கு யார் வந்தாலும், மற்றவை வாரிசையே ஏற்றன.

எல்லாவற்றுக்கும் பொதுவான மரபணு ஏதாவது உண்டா?

எறும்புகளைப் பொறுத்தவரை நெருங்கி வந்திருப்பது இன்சுலின். 2018-இல் டேனியல் குரோனவர் ஆய்வுக்கூடத்தில் ஏழு எறும்பினங்களின் மூளையை ஒப்பிட்டார்கள். முட்டையிடுபவற்றில் எல்லாம் ஐஎல்பி2 என்ற இன்சுலின் மரபணு அதிகம் வேலை செய்தது. அவர்கள் வளர்க்கும் நகல் எறும்பில் ராணியே கிடையாது. எல்லாம் சேர்ந்து முட்டையிடும், புழு பொரித்ததும் எல்லாம் நிறுத்திவிட்டுப் புழுவைப் பார்க்கும். புழுவின் இருப்பே ஐஎல்பி2-ஐ அடக்குகிறது. இன்சுலினை ஊசியில் ஏற்றினால் புழு எதிரே இருந்தும் சினைப்பை விழித்துக்கொள்ளும். ராணி, வேலைக்காரி என்ற பிரிவு, முன்னொரு காலத்தில் ஒரே தாய் மாறி மாறிச் செய்த இரண்டு வேலைகளிலிருந்து பிரிந்து வந்தது என்ற கருத்துக்கு இது நல்ல பலம்.

பிறக்கும்போதே மரபணு முடிவு செய்துவிடும் இனங்கள் இல்லவே இல்லையா?

இருக்கின்றன, விதிவிலக்காக. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் சில அறுவடை எறும்புகளில் இரண்டு வம்சங்கள் உண்டு. ராணி இரண்டு வம்ச ஆண்களோடும் சேர வேண்டும். சொந்த வம்ச ஆணின் மகள் ராணியாகும், மாற்று வம்ச ஆணின் மகள் வேலைக்காரியாகும். இதைவிட வியப்பானது 2025-இல் வெளியானது: மெஸ்ஸார் ஐபெரிகஸ் என்ற எறும்பின் ராணி, தன் இன ஆண்களையும் மெஸ்ஸார் ஸ்ட்ரக்டர் என்ற வேறோர் இனத்தின் ஆண்களையும் பெறுகிறது. அந்த வேற்றின ஆண் இல்லாமல் அதற்கு வேலைக்காரிகள் கிடையாது.

நெருப்பெறும்பில் மரபணு முடிவு செய்வது வேறொன்றை: கூட்டில் எத்தனை ராணி என்பதை. பல நூறு மரபணுக்கள் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட ஒரு குரோமோசோம் துண்டின் ஒரு வகையைச் சுமக்கும் வேலைக்காரிகள், அதைச் சுமக்காத ராணியைக் கொன்றுவிடும்.

தேனீ வளர்ப்பவருக்கு இந்த மரபணு அறிவால் என்ன பயன்?

நேரடியான பயன் ஒன்று உண்டு. தேனீ ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவை 2003-இல் மார்ட்டின் பேயே குழுவினர் கண்டுபிடித்தார்கள், சிஎஸ்டி என்று பெயர். அதில் பல வகைகள் உண்டு. இரண்டு வெவ்வேறு வகை சேர்ந்தால் பெண். ஒரே ஒன்றுதான் இருந்தால் ஆண். இரண்டும் ஒரே வகையாக அமைந்துவிட்டால் அதுவும் ஆண்தான், ஆனால் பயனற்ற இரட்டைத் தொகுதி ஆண். பொரித்த சில மணி நேரத்தில் வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்றுவிடும்.

ராணி தன் வகையையே கொண்ட ஓர் ஆணோடு மட்டும் சேர்ந்திருந்தால், அந்த ராணி இடும் கருவுற்ற முட்டைகளில் பாதி இப்படிப் போகும். புழு அடையைப் பார்த்தால் மூடிய அறைகளுக்கு நடுவே ஆங்காங்கே காலி அறைகள், சல்லடை மாதிரி. நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். நோயின் வேறு அறிகுறி எதுவும் இல்லையென்றால், அந்தப் பகுதிப் பெட்டிகள் எல்லாம் ஒரே தாய்க்கூட்டத்திலிருந்து பிரித்தவையா என்று முதலில் கேளுங்கள். ஆமென்றால் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறொருவரிடமிருந்து ஒரு கூட்டம் வாங்கி வையுங்கள், அல்லது மரப்பொந்திலிருந்து ஒன்றைப் பிடித்து வையுங்கள். அடுத்த முறை உங்கள் கன்னி ராணி பறக்கும்போது வானத்தில் அந்நிய ஆண்களும் இருப்பார்கள்.